ஐலாத் தீவும் அத்திம்பேரின் மூக்கும்

"ஒரே ஒரு புட்டிதான். இரண்டாவது புட்டி இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், கொண்டு வருகிறவர்கள் இரண்டு பேரும் தாண்ட வேண்டியதில்லை!"

2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், கிளாஸ்கோ நகரில், ஒரு நாள் விடியற்காலையில் என் அக்கா பிறப்பித்த உத்தரவு இது. அத்திம்பேர் மோட்டாரின் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, சமர்த்தான பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் தலையை ஆட்டினார். மோட்டார் ஓட்டும் பொறுப்பு என்னுடையது. நாங்கள் போகவேண்டிய இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஐலா என்னும் தீவு. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் "இஸ்லே" என்று படிக்கத் தோன்றும். அப்படிப் படித்தால் அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ஐலாவில் ஆடு உண்டு, மாடு உண்டு, காற்று உண்டு, மழை வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் உலகத்தின் நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் அங்கே போவது விஸ்கிக்காகத்தான். இதைச் சொன்னவுடனே நேயர்களில் சிலர் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாமா என்று யோசிப்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. எங்கள் தெருவிலேயே அப்படிக் கெட்ட வீடுகளை எனக்குத் தெரியும். நான் எழுதப் போவது குடியைப் பற்றியல்ல. ஒரு மூக்கைப் பற்றி.

அத்திம்பேர் முப்பது வருஷம் கிளாஸ்கோவில் கணக்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருந்த ஒரே லாகிரி சனிக்கிழமை ராத்திரி ஒரு அவுன்ஸ் விஸ்கி. அதை அக்காவின் மருந்துக் குவளையால் அளந்து ஊற்றிக்கொள்வார். அரை மணி நேரம் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் அரை மணி நேரம் துளித் துளியாய்ச் சுவைப்பார். பிறகு ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகத்தில் அதன் குணாதிசயங்களை எழுதி வைப்பார். ஒரு புட்டி சுமார் ஆறு மாதம் வரும். கணக்கப்பிள்ளை அல்லவா? ரசனைக்கும் பேரேடு வைத்திருந்தார்.

2022-ஆம் வருஷத் தொடக்கத்தில் கொரோனா ஜுரம் அவரைப் பிடித்தது. பத்து நாளில் ஜுரம் போய்விட்டது. போகும்போது அவருடைய மோப்ப சக்தியையும் கையோடு கொண்டு போய்விட்டது. அன்று முதல் நீல நோட்டு வெறுமையாகவே இருந்தது. டாக்டரின் யோசனைப்படி காலையும் மாலையும் நாலு வாசனைகளை முகர்ந்து மூக்குக்குப் பயிற்சி கொடுத்து வந்தார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர்கள் கண்டுபிடித்து 2009-ல் வெளியிட்ட முறையாம். நம் வீட்டு அலமாரியில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் சாமான்கள்! ஆயினும் இரண்டரை வருஷமாக அவருக்கு நாலும் ஒன்றாகத்தான் இருந்தன. அதாவது நாலும் ஒன்றுமில்லாமல் இருந்தன.

புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லையடா அம்பி. என் மனசு கஷ்டப்படுமே என்று தினம் சாப்பாட்டில் 'பேஷ், பேஷ்' என்கிறார். மூன்று மாதமாக நான் பெருங்காயம் போடாமல் ரசம் வைக்கிறேன். அதற்கும் பேஷ் என்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே."

ஆகவே எங்கள் யாத்திரையின் நிலைமை இது: அத்திம்பேர் குடிக்கலாம், ஆனால் வாசனை தெரியாது. எனக்கு வாசனை தெரியும். ஆனால் குடிக்க முடியாது. மோட்டார் ஓட்டுகிறவர்களின் இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் அளவை ஸ்காட்லாந்து 2014-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தை விடக் கடுமையாகக் குறைத்துவிட்டது. குருடன் தோளில் முடவன் ஏறிக்கொண்டு ஊர் பார்க்கப் போன கதைதான்.

கிளாஸ்கோவிலிருந்து கப்பல் துறைக்கு நூறு மைலுக்குச் சற்று அதிகம். லோமண்ட் ஏரிக் கரையோடு போய், மலைக் கணவாய் ஒன்றை ஏறி இறங்க வேண்டும். கணவாய்க்குப் பெயர் "இளைப்பாறு, நன்றி சொல்லு" என்பது. நடந்து ஏறின காலத்தில் வைத்த பெயராக இருக்க வேண்டும்; எங்கள் மோட்டார்கூட அங்கே சற்று இளைப்பாறத்தான் செய்தது. கென்னக்ரெய்க் துறையில் மோட்டாரோடு கப்பலில் ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடல்.

கப்பல் தீவின் தென் கரையை நெருங்கும்போது ஒரு விசித்திரமான காட்சி. கடல் ஓரத்தில் வெள்ளையடித்த பெரிய சுவர்கள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்குக் கறுப்பு எழுத்துக்கள்: ஆர்ட்பெக், லாகவூலின், லாப்ராய்க். நம் கடற்கரையில் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து "இன்ன ஊர்" என்று சொல்லுகிறோமல்லவா? இங்கே சுவரைப் படித்தால் போதும். பார்லியும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்கி, பீப்பாய்கள் கப்பலில் ஏறிப் போன காலத்தில், எழுத்து கடலைப் பார்த்து இருக்க வேண்டியது அவசியமாயிருந்தது.

அத்திம்பேர் மேல் தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன வாசனையடா வருகிறது?" என்றார்.

"உப்புக் காற்று, டீசல், யாரோ உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுகிறார்கள்" என்றேன்.

"சரி" என்றார். அந்த "சரி"யைக் கேட்க எனக்குக் கஷ்டமாயிருந்தது.

ஐலா சுமார் இருபத்தைந்து மைல் நீளம். ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம், நாங்கள் போன அந்த 2024-ல் வடிசாலைகள் பத்து. சாலையில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் கையைத் தூக்கிச் சலாம் செய்கிறார்கள். முதலில் என் மோட்டாரில் ஏதோ கோளாறு என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன். பிறகுதான் அது தீவின் மரியாதை என்று தெரிந்தது. அரை நாளில் நானும் ஆட்டு மந்தைகளுக்குக் கூடச் சலாம் வைக்கப் பழகிவிட்டேன்.

இந்தத் தீவின் விஸ்கிக்கு இவ்வளவு கியாதி ஏன்? அதற்குக் காரணம் பீட் என்னும் கறுப்பு மண். பாசியும் புல்லும் புதரும் சதுப்பு நிலத்தில் விழுந்து, முழுதும் மக்காமல், ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து கெட்டியாகி இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் அதிகம். வசந்த காலத்தில் அதை நீண்ட மண்வெட்டியால் செங்கல் போல அறுத்து, வெயில் என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் ஒன்றில் உலர்த்தி, அடுப்பு எரிக்கிறார்கள். மரமில்லாத தீவுக்கு அதுதான் விறகு. முளைவிட்ட பார்லியை உலர்த்தவும் அந்த நெருப்பையே மூட்டினார்கள். புகை தானியத்தில் ஏறிக்கொண்டது. பிற்பாடு வேறு எரிபொருள்கள் வந்தபோது மற்ற ஊர்களில் அநேகமாய்ப் புகையைக் கைவிட்டார்கள். ஐலா கைவிடவில்லை. வறுமையினால் வந்த புகையே அதன் பெருமையாகிவிட்டது.

முதலில் லாப்ராய்க் வடிசாலைக்குப் போனோம். பார்லியை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நீண்ட தளத்தில் பரப்பி, முளைவிடும்போது மரப் பலகையால் புரட்டிக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் பயறு முளை கட்டுகிற வித்தைதான். ஆனால் நெற்களம் போலத் தளம் முழுவதும். இப்படித் தாங்களே முளை கட்டுகிற வடிசாலைகள் இப்போது ஸ்காட்லாந்தில் வெகு சில. லாப்ராய்க்கிலும் தங்கள் தேவையில் ஒரு பகுதிதான் இப்படித் தயாராகிறது. மிச்சம் போர்ட் எல்லனில் உள்ள பெரிய முளை ஆலையிலிருந்து வருகிறது.

சூளையைப் பார்க்க வேண்டுமென்று அத்திம்பேர் துடித்தார். ஆனால் அன்று சூளை மூட்டவில்லை. இரும்புக் கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே சாம்பலும் இருட்டும். அத்திம்பேர் தலையை உள்ளே நீட்டி, ஒரு மூச்சு இழுத்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே எடுத்துக்கொண்டார்.

அங்கே அவருக்கு ஒரு சொத்து உண்டு. லாப்ராய்க்கில் 1994-ஆம் வருஷத்திலிருந்து ஒரு ஏற்பாடு: புட்டி வாங்கி, பெயரைப் பதிவு செய்துகொண்டவருக்கெல்லாம் வடிசாலைக்கு எதிரே ஒரு சதுர அடி நிலத்தில் பாத்தியதை தருகிறார்கள். அதற்கு வாடகையாக வருஷத்துக்கு ஒரு சிறு அளவு விஸ்கியை வடிசாலையே கொடுக்கும்; ஆனால் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். அத்திம்பேர் பத்திரம், எண், எல்லாவற்றையும் பையில் வைத்திருந்தார். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினோம். உலகத்துத் தேசங்களின் சிறு கொடிகள் அந்தச் சதுப்பில் பறக்கின்றன. அத்திம்பேர் நமது மூவர்ணக் கொடியைத் தமது சதுர அடியில் நட்டுவிட்டு, "ஒரு அடி நிலமானாலும் ஜமீன் ஜமீன்தான்" என்றார். பிரிட்டிஷ் தீவுகளில் நாம் கொடி நாட்டிப் பிடித்த பிரதேசம் இந்த ஒரு சதுர அடியே என்று நினைக்கிறேன். இதற்கும் வாடகை அவர்களே தருகிறார்கள்.

பிறகு முகரும் சடங்கு. வயிறு பருத்து வாய் குறுகின சிறு கண்ணாடிக் கிண்ணம். அடியில் கால் அங்குல உயரத்துக்கு வைக்கோல் நிறத்தில் விஸ்கி. அத்திம்பேர் சொல்லிக் கொடுத்தார்: "மூக்கை உள்ளே விடாதே, சாராயம் சுட்டுவிடும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள். பூவை முகருவது போல அருகில் கொண்டு வந்து விலக்கு. முதல் தடவை தோன்றியதைச் சொல்லு, யோசிக்காதே."

நான் முகர்ந்தேன். யோசிக்காமல், "ஆஸ்பத்திரி!" என்றேன்.

அத்திம்பேரின் முகம் மலர்ந்தது. "1996-ல் நான் நோட்டில் எழுதின முதல் வார்த்தை அதுதான்!" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் 1865-ஆம் வருஷம் ஜோசப் லிஸ்டர் என்னும் ரண வைத்தியர், கால் முறிந்த ஒரு பையனின் காயத்தில் கார்பாலிக் திராவகம் தோய்ந்த துணியைக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. அது முதல் உலகத்து ஆஸ்பத்திரிகளிலெல்லாம் அந்த வாசனை ஏறிவிட்டது. அந்தத் திராவகத்துக்குச் சாஸ்திரப் பெயர் பீனால். பீட் புகையில் இருப்பதும் பீனாலும் அதன் சுற்றத்தாரும்தான். என் மூக்கு பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த காலத்தில் லாப்ராய்க் மருந்து என்ற பெயரில் உள்ளே போயிற்று என்று அங்கே சொல்லுகிறார்கள். முகர்ந்து பார்த்த சுங்க அதிகாரி மருந்தென்று நம்பினதில் ஆச்சரியமில்லை.

"இன்னும் சொல்லு" என்றார் அத்திம்பேர். பேனாவைத் திறந்து, நீல நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் இந்த ரசிகர்களுக்கு ஒரு பரிபாஷை இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்: "மழையில் நனைந்த தாம்புக் கயிறு. அணைந்த ஹோமத்தின் மறுநாள் சாம்பல். கருவாட்டுக் கடையைத் தாண்டிப் போகும்போது ஒரு வீச்சு. கடைசியில், எங்கேயோ தூரத்தில், கருப்பட்டிப் பாகு."

அவர் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் தமிழ் ஏறினது அதுவே முதல் தடவை. பிறகு வாடகை விஸ்கியில் ஒரு துளியை நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "தித்திப்பு, சூடு. அவ்வளவுதான்" என்றார். மூக்கில்லாத நாக்குக்குத் தித்திப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இவைபோலச் சிலதான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் உபயம். மோட்டார் ஓட்டுகிறவன் என்று என் பங்கைச் சிறு குப்பியில் அடைத்துக் கையில் கொடுத்தார்கள். அந்த ஊர் வழக்கம் அது. எல்லா வடிசாலையிலும் குப்பி தயாராக வைத்திருக்கிறார்கள்.

லாப்ராய்க்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஸ்திரீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெஸ்ஸி வில்லியம்ஸன் என்ற கிளாஸ்கோப் பட்டதாரிப் பெண், 1934-ல் கோடைகாலத்துக்கு மாத்திரம் டைப் அடிக்கிற வேலைக்கு அங்கே வந்தாள். சொந்தக்காரர் இயன் ஹண்டர், வாரிசில்லாதவர், தமது ரகசியங்களையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்து, 1954-ல் காலமானபோது வடிசாலையையே அவளுக்கு விட்டுப் போனார். கோடைகாலத்துக்கு வந்தவள் ஆலைக்கே எஜமானியாகிவிட்டாள்.

அடுத்த வடிசாலை லாகவூலின், இரண்டு மைல்கூட இராது. இரண்டுக்கும் நடுவே நடந்த வழக்கு நம் ஊர்ப் பங்காளிச் சண்டையை நினைவூட்டும். லாகவூலினின் பீட்டர் மேக்கி என்பவரிடம் லாப்ராய்க் விஸ்கியை விற்கும் ஏஜென்ஸி இருந்தது. 1907-ல் அது கை நழுவியது. கோபம் கொண்டு லாப்ராய்க்குக்குப் போகும் தண்ணீரை மறித்தார், கோர்ட்டில் தோற்றார். 1908-ல் தமது காம்பவுண்டுக்குள்ளேயே இன்னொரு வடிசாலை கட்டினார். அதே உருவத்தில் செப்புக் கொப்பரைகள். லாப்ராய்க்கிலேயே வேலை பார்த்த ஆள். அதே மாதிரிப் பார்லி, பீட். எல்லாம் செய்தும் லாப்ராய்க்கின் ருசி வரவில்லை! அந்த வடிசாலை 1962 வரையில் நடந்து மூடப்பட்டது.

ஏன் வரவில்லை? கொப்பரையில் கொதித்து வரும் ஆவியில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் தள்ளி, நடுவில் வருவதைத்தான் எடுக்கிறார்கள். புகை வாசனை பின்னாலேதான் வரும். எந்த நிமிஷத்தில் ஆரம்பிப்பது, எந்த நிமிஷத்தில் நிறுத்துவது என்பது ஆலைக்கு ஆலை வேறு. தண்ணீர், ஈஸ்டு, கொப்பரையின் கழுத்து, பீப்பாய், அது கிடக்கும் கிடங்கு எல்லாம் வேறு. இத்தனையும் தெரிந்த பிறகும் ஏதோ ஒன்று மிச்சமாய் நிற்கிறது. ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு. ஆனால் அக்கா வைத்த ரசத்தை நான் வைக்க முடியுமா? (ரசம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்திம்பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.)

அன்று ராத்திரி போமோர் என்னும் ஊரில் தங்கினோம். தெரு உச்சியில் 1767-ல் கட்டின வட்டமான மாதாகோயில். மூலையில்லாவிட்டால் சாத்தான் ஒளிந்துகொள்ள இடமிராது என்று அப்படிக் கட்டினார்களாம். தெருவின் அடியில் 1779-ஆம் வருஷத்து வடிசாலை. சாத்தான் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். கிரீன்லாந்திலிருந்து குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் வாத்துக் கூட்டம் ஆயிரக்கணக்கில் இருட்டில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

மோட்டார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு என் குப்பியைத் திறந்தேன். அரை அவுன்ஸ் இருக்கும். முதல் துளி நாக்கைச் சுட்டது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றிற்று. "தண்ணீர் விடு, நாலு சொட்டு" என்றார் அத்திம்பேர். விட்டேன். அதே கிண்ணந்தானா என்று சந்தேகமாகிவிட்டது! சூடு அடங்கி, புகை விரிந்து, அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோலும் தேனும் எழுந்தன. விழுங்கி இரண்டு நிமிஷம் கழித்தும் புகை தொண்டையில் உட்கார்ந்திருந்தது. 2017-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் இருவர் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள்: தண்ணீர் கலந்ததும் புகை வாசனைக்குரிய வஸ்து கிண்ணத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறதாம். தண்ணீர் விடுவது கௌரவக் குறைவு என்று எண்ணும் வீரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அத்திம்பேர் சொன்னார்: "விஸ்கி போனால் போகிறது. உன் அக்கா தலையில் வைத்துக்கொள்ளும் மல்லிகைப் பூ தெரியவில்லை. அவள் சமையல் தெரியவில்லை. 'பேஷ்' என்று சொல்லுகிறபோதெல்லாம் திருட்டுக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் புட்டி வாங்கும் படலம். ஒரே புட்டி என்பதால் அத்திம்பேர் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி கடையைச் சுற்றி வந்தார். எனக்கும் பாடம் நடந்தது. லேபிளில் பன்னிரண்டு வருஷம் என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் கடைக்குட்டியின் வயது அது. வயதே போடாவிட்டால் குறைந்தது மூன்று வருஷம் ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, கிடந்திருக்கும். அதற்குக் குறைந்தால் ஸ்காட்ச் என்று சொல்லச் சட்டம் இடம் தராது. நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது; கருக்கின சர்க்கரையால் நிறம் ஏற்றச் சட்டம் அனுமதிக்கிறது. சாராயச் சத்து நூற்றுக்கு நாற்பது என்பது கீழெல்லை. நாற்பத்தாறும் அதற்கு மேலும் இருந்தால், வாசனைக்குரிய எண்ணெய்ச் சத்தை வடிகட்டி எடுக்காமல் விட்டிருக்கலாம்.

கண்ணாடிப் பெட்டியில், பூட்டுக்குள், ஒரு பழைய போர்ட் எல்லன் புட்டி இருந்தது. அந்த வடிசாலையை 1983-ல் மூடிவிட்டார்கள். மூடினபோது அழுதவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மாத்திரந்தான். பிறகு மிச்சமிருந்த பீப்பாய்கள் குறையக் குறைய, விலை ஏறி, ஆயிரக்கணக்கான பவுனுக்குப் போயிற்று. 2024 மார்ச்சு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கொப்பரை ஏற்றியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட புட்டிகளை வாங்குகிறவர்களில் பலர் திறப்பதேயில்லை. பெட்டியில் வைத்து விலை ஏறக் காத்திருக்கிறார்கள். வீணையை வாங்கி உறை போட்டு வைத்துவிட்டுத் தன்னைச் சங்கீத ரசிகர் என்று சொல்லிக்கொள்பவரைப் பற்றி என்ன நினைப்போமோ, அதையே நான் இவர்களைப் பற்றி நினைக்கிறேன்.

எனக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. கதர்த் துணி வாங்குகிறபோது நூல் எங்கே நூற்றது, எங்கே நெய்தது என்று கேட்டுப் பழகின குடும்பம் எங்களுடையது. "இதில் ஐலாத் தீவுச் சரக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். அத்திம்பேர் சிரித்தார். பார்லி பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வருகிறது. பீப்பாய் அமெரிக்காவில் ஒரு தடவை விஸ்கி வைத்திருந்தது. புதுப் பீப்பாயில்தான் வைக்கவேண்டுமென்று அந்தத் தேசத்து போர்பன் சட்டம் சொல்லுவதால் பழையது இங்கே வந்து சேருகிறது. முதலாளிகள் லண்டனிலும் பாரிஸிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். காய்ச்சின பிறகு எத்தனையோ பீப்பாய்கள் தீவை விட்டுப் போய்ப் பெருநிலத்துக் கிடங்குகளில் கிடக்கின்றன. "புகையும் தண்ணீரும் ஆட்களும்தான் இந்த ஊர். அதுவே போதும் என்பார்கள். போதாது என்று நினைத்த ஒருவர் மேற்குக் கரையில் இருக்கிறார், அங்கே போவோம், வா" என்றார்.

நம் தேசத்தில் விஸ்கி என்று விற்பதில் பெரும் பகுதி கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து காய்ச்சின சாராயத்தோடு கலந்ததுதான். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது. ஆனால் அசல் பார்லியில் காய்ச்சின பெங்களூர் அம்ருத் விஸ்கி 2004-ல் கிளாஸ்கோ நகரத்திலேயே துணிந்து கடை விரித்தது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகப் போகிறது. இதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். பெங்களூர் உஷ்ணத்தில் பத்துப் பங்குக்கு மேல் போய்விடும். நமது தேவதைகளுக்குத் தாகம் அதிகம்! ஆகையால் அங்கே நாலைந்து வருஷத்திலேயே விஸ்கி முதிர்ந்துவிடுகிறது. அத்திம்பேரின் நீல நோட்டில் அதற்கு இரண்டு முழுப் பக்கம்.

மேற்குக் கரையில் இருப்பது கில்ஹோமன். 124 வருஷங்களுக்குப் பிறகு ஐலாவில் புதிதாகக் கட்டின வடிசாலை; 2005-ல் ஒரு பண்ணைக்குள் ஆரம்பித்தார்கள். ஒரு குடும்பத்தின் சொத்து. அவர்களுடைய சரக்கில் ஒரு வகைக்குப் பார்லி அந்த வயலிலேயே விளைகிறது. முளை கட்டுவது, காய்ச்சுவது, பீப்பாயில் வைப்பது, புட்டியில் அடைப்பது எல்லாம் அங்கேயே. வைக்கோல் போரும் டிராக்டருமாக, நம் கிராமத்துப் பெரிய மிராசுதார் வீட்டுக் களம் போலிருந்தது. நாங்கள் போய் இறங்கும்போது சூளையின் புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கிளம்பிக் கடற்காற்றில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

சூளை வாசலில் ஒருவர் பீட் கட்டிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவருகில் போனதும் கண்ணீர் வந்துவிட்டது. அத்திம்பேர் அங்கேயே நின்றார். காற்று திரும்பி, புகை அவர் முகத்தில் அடித்தது. இருமினார். மறுபடியும் மூச்சு இழுத்தார். பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆஸ்பத்திரி" என்றார்.

எனக்குச் சந்தேகம். "நேற்று நான் சொன்னது நினைவில் இருக்கிறது, அத்திம்பேர்" என்றேன் மெதுவாக.

"இருக்கலாம்" என்றார். "1996-ல் நானே எழுதினதும் நினைவில் இருக்கிறது. எதுவென்று எனக்கே தெரியவில்லை. போய்விட்டது இப்போது." மறுபடியும் பத்து நிமிஷம் அந்த வாசலில் நின்றார். வேலையாள் நல்லவர், இடத்தை விட்டுச் சற்று ஒதுங்கி நின்றுகொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

அந்த வயலில் விளைந்த பார்லியின் புட்டி ஒன்றை வாங்கினோம். கடைக்காரப் பெண் முகர்ந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். "வேண்டாம், வீட்டில்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கிளாஸ்கோ வந்து சேர்ந்தோம். அக்கா பையைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். ஒன்றுதான். என் இரண்டாவது குப்பியைச் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்து ஒப்புக்கொடுத்தேன். அதைப் புட்டி என்று கணக்குப் பண்ணாமல் மன்னித்தாள். "திறக்கப் போகிறீர்களா?" என்று அத்திம்பேரைக் கேட்டாள்.

"சனிக்கிழமை" என்றார். "முதலில் இலையைப் போடு."

சாதத்தில் ரசத்தை விட்டாள். அத்திம்பேர் வழக்கம்போல் கையால் பிசைந்து, ஒரு கவளம் வாயருகே கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார். கவளத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஏன், வீட்டில் பெருங்காயம் ஆகிவிட்டதா?" என்றார்.

அக்கா பதில் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியின் மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்க உள்ளே போனாள்.